அராரட்டுக்கு மேற்கே ஓர் இடிமழை

நாங்கள் இருக்கும் கிரான்பர்னில் வீடுகள் நெருங்கிவிட்டதால் வானத்தை முழுதாகப் பார்க்க முடியாது. மேற்கே போனால்தான் ஒரு புயல் முகிலை அடியிலிருந்து நுனிவரை காணலாம் என்று தனோஜன் அண்ணா சொன்னார். அவர் என் அக்கா நிரூபாவைக் கட்ட இருந்தவர். புயல்களைத் துரத்திப்போய்ப் படம் எடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. நவம்பரில் ஒரு சனிக்கிழமை அக்காவையும் என்னையும் முதல்முறையாகக் கூட்டிக்கொண்டு போனார்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா; இழுப்பு வந்தால் வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துக் குப்பியைப் பஃபர் என்போம். வெளிக்கிடும்போது அம்மா வாசலில் நின்று கேட்டார்.

"பஃபர் எடுத்தனியோ?"

"ஓம் அம்மா, பையுக்கை கிடக்கு. நீங்க கதவைப் பூட்டுங்கோ."

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வெளியாட்களோடு பேச எனக்கு வராது. டொக்டரிடமும் கடையிலும் எனக்காக அக்காதான் பேசுவாள். பள்ளிக்கூடத்தை விடுவதற்குக்கூட அவள்தான் அம்மாவிடம் பேசினாள். எனக்கு வேறு யாரும் இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

காரில், போனில் வரும் மழை ரேடார் படத்தைப் பார்த்து எந்தப் பக்கம் போவது என்று சொல்லும் வேலையை என்னிடம் தந்தார்கள். நான் சொல்லவில்லை. போனை முன்னுக்கு நீட்டிக் காட்டினேன்.

"எங்கட வழிகாட்டி வாயே திறக்கமாட்டா போல," என்றார் தனோஜன் அண்ணா.

"அவளின்ர வாய் நான்தான்."

"அப்ப ஜனவரியிலை அந்த வாயை நான் சிட்னிக்குக் கொண்டு போறன். அங்கை கிரவீனிலை வீடும் பார்த்தாச்சு."

"ஐயோ பாவம். பிறகு தானே கதைக்கப் பழகுவாள். என்னடி சிவா?"

இருவரும் சிரித்தார்கள். கலியாணத்துக்குப் பிறகும் பக்கத்தில்தான் இருப்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வழியில் பலரட்டில் பெற்றோல் அடித்துவிட்டு அவர்கள் கோப்பி வாங்கப் போனார்கள். காரில் கிடந்த அக்காவின் பையிலிருந்து பஃபரை எடுத்து என் ஜக்கெற்றுக்குள் வைத்தேன். கோபத்தில் செய்யவில்லை. அது இல்லையென்று கண்டால் அக்கா பயந்து வீட்டுக்குத் திரும்பச் சொல்லுவாள், இனி இவரோடு இப்படி வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் பையைத் திறக்கவே இல்லை. கோப்பியைக் குடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அராரட் ஊரைத் தாண்டியதும் ஒரே வெளி. முற்றிய புல் அடிவானம்வரை. ரேடாரில் மஞ்சள் சிவப்பானது. அப்போது போனில் ஓர் எச்சரிக்கை வந்தது. புல் மகரந்தம் கூடிய நாளில் இடிமழை வருகிறது, ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியே நிற்கக்கூடாது, மருந்தைப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று. அது ரேடார் படத்தை மறைத்துக்கொண்டிருந்தது. விரலால் தள்ளிவிட்டேன்.

காரை ஓரம்கட்டி இறங்கினோம். மழைக்கு முன்னால் வந்த காற்று புழுதியையும் புல்லின் மணத்தையும் கொண்டுவந்து முகத்தில் கொட்டியது. அக்கா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"சிவா, இஞ்ச வந்து பாரடி. கடல் எழும்பி நிக்கிற மாதிரி."

அவள் என்னிடம் மூச்சுவாங்காமல் சொன்ன கடைசி வார்த்தைகள் அவைதான். பிறகு இருமினாள். பையைச் சீற்றில் கொட்டினாள். சீப்பு, சாவி, ரிஷ்யூப் பேப்பர். தனோஜன் அண்ணா சீற்றுகளுக்குக் கீழே தடவித் தடவித் தேடினார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது வரும் திசையை நோக்கியே காரை ஓட்டினார். நான் பின்னால் அக்காவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பஃபர் எங்கள் இருவருக்கும் நடுவில் என் விலாவில் அழுந்திக்கொண்டிருந்தது. அவள் நெஞ்சு விசிலடிக்கும் சத்தம் வரவரச் சின்னதாகியது. அவள் என்னையே பார்த்தாள்.

கொடுக்கத்தான் இருந்தேன். ஆனால் கொடுத்தால், அது எப்படி உன்னிடம் வந்தது என்று தனோஜன் அண்ணா கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டிவரும். எனக்காகப் பேசுகிறவளால் அப்போது பேச முடியவில்லை.

ஆம்புலன்ஸ் எதிரே வந்து நின்றபோது அவளிடம் மூச்சு இல்லை.

தனோஜன் அண்ணா இப்போதும் வீட்டுக்கு வருகிறார். "நான்தான் அவளைக் கொன்றுபோட்டன்" என்று அழுகிறார். அம்மா மறுத்து ஒன்றும் சொல்வதில்லை. போகும்போது தனோஜன் அண்ணா ஒவ்வொருமுறையும் என்னிடம் மெதுவாகக் கேட்கிறார்.

"சிவா, அந்தப் பஃபரை எங்கையும் கண்டனியோ?"

நான் இல்லையென்று தலையாட்டுகிறேன். பாவம், அவருக்குத் தெரியத்தான் வேண்டும். அக்கா இருந்திருந்தால் இதை எனக்காக அவரிடம் பக்குவமாகச் சொல்லியிருப்பாள்.