கொமரலிங்கத்துச் சரக்கில் குறையில்லை

நல்ல சாராயம் தொண்டையைச் சுடாது, ஐயா. சுட்டால் வடித்தவன் அவசரக்காரன் என்று அர்த்தம். சீமைச் சரக்கைப் பீப்பாயில் ஊற்றி வருஷக்கணக்கில் மூடி வைப்பார்களாம். பிறகு மரத்தின் ருசியைக் குடித்துவிட்டுச் சரக்கு பிரமாதம் என்பார்களாம். எனக்கு அதில் மரியாதை கிடையாது. வடித்த சூடு ஆறியதும் நாக்கில் பட வேண்டும். அப்போதுதான் எந்த ஊர்த் தண்ணீர், எந்த வெல்லம், எந்தப் பட்டை என்பதெல்லாம் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் தெரியும்.

மதுவிலக்கு உள்ள நாட்டில், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பேசுகிறேன் என்று சிரிக்காதீர்கள். கொமரலிங்கத்துச் செங்கோட்டையனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். கருப்பராயன் கோயில் விருந்தில் ஏழு பேர் செத்ததற்கு அவன் வடித்த சரக்குதான் காரணம் என்று எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு. அவன் சரக்கு சுத்தம். அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன்.

என் பெயர் ஆத்தப்பன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேஸ்திரி. முதலிபாளையத்துக்கு வெளியே எங்கள் ஆட்கள் கும்பிடுகிற கருப்பராயனுக்கு வருஷா வருஷம் கிடா வெட்டு நடக்கும். அன்றைக்கு மங்கலத்திலிருந்து ஒரு சரக்கு வரும், கொமரலிங்கத்திலிருந்து ஒரு சரக்கு வரும். இரண்டையும் ருசி பார்த்து எது உசத்தி என்று ஒருவர் சொல்ல வேண்டும். அவர் சொன்னதைத்தான் முதல் பந்தியில் ஊற்றுவார்கள்.

அந்த ஒருவர் பல வருஷமாக நான்தான்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். முதலில் கருப்பராயன் கல்லின் மேல் கொஞ்சம் ஊற்றுவோம். பிறகு ருசி பார்க்கிறவர் கொட்டாங்குச்சியில் வாங்கி, வாயில் வைத்து, விழுங்கி, பிடித்த சரக்கின் முன்னால் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைப்பார். கவிழ்த்தபின் யாரும் வாய் திறக்கக்கூடாது. முகர்ந்து பார்க்கக்கூடாது, சுளிக்கக்கூடாது. சாமி முன்னால் சந்தேகப்பட்டதாகிவிடும். இந்தக் கடைசி விதியை ஏற்படுத்தியது நான். ஆளாளுக்கு அபிப்பிராயம் சொன்னால் சோறு ஆறிப் போகும் என்பதற்காக ஏற்படுத்தினேன்.

போன வருஷம் லிங்கசாமி வந்து சேர்ந்தான். என் கீழே வேலை பார்த்தவன். தங்கமான பையன், பெரியவர்கள் முன்னால் உட்காரக்கூட மாட்டான். நான் மங்கலத்துச் சரக்கை வாயில் வைத்து, கொட்டாங்குச்சியைக் கவிழ்க்குமுன், மண்பானையில் வடித்தது என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா, தகர வாடை வருதுங்களே" என்றான்.

கொண்டுவந்தவனைக் கேட்டார்கள். பானை விரிசல் விட்டதால் தகர டின்னில் வடித்தோம் என்று ஒப்புக்கொண்டான். ஒரே சிரிப்பு. என் தங்கை சாரதாமணியின் புருஷன் குமாரவேல், "மச்சானுக்கு நாக்குல துரு ஏறிப் போச்சு" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றைக்கே கொட்டாங்குச்சி லிங்கசாமி கைக்குப் போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. அதை மறைப்பானேன்.

ஆனாலும் நான் அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. நல்லதுதான் செய்தேன். தையல் மிஷின் பக்கம் இருந்தவனைச் சலவைப் பட்டறைக்கு மாற்றிவிட்டேன். துணியை வெளுக்கிற தொட்டி வேலை. கூலி கொஞ்சம் கூடுதல். அவன் அம்மா கருப்பாத்தாள் என் வீடு தேடி வந்து, "நீங்க நல்லா இருக்கோணும் சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இந்த வருஷ விருந்துக்குச் செங்கோட்டையன் காலையிலேயே வந்துவிட்டான். கண்ணாடி ஜாடிகளை வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் கொண்டுவந்து என் தொழுவத்தில் இறக்கினான். மூடியைத் திறந்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கரும்பு வெல்லமும் அமராவதித் தண்ணீரும். நாக்கில் வைத்தேன். முதலில் இனிப்பு, பிறகு இஞ்சி கடித்த மாதிரி ஒரு மெல்லிய காரம், பிறகு ஒன்றுமில்லை. சுத்தமாகக் கழுவிவிட்ட மாதிரி வாய். அப்படி ஒரு சரக்கை நான் ருசித்ததில்லை. இதைக் கொஞ்சம் அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பெனி ஆபீஸில் புது மேசைகளுக்குப் பாலிஷ் போட்டார்கள் அல்லவா, அதற்கு வாங்கிய ஸ்பிரிட் டின்னை நான் முன்பே எடுத்து வந்திருந்தேன். செங்கோட்டையன் கோயிலுக்குப் போனதும் ஜாடிகளில் அதைக் கலந்தேன். அவ்வளவு நல்ல சரக்கு வீணாகிறதே என்று வருத்தமாகத்தான் இருந்தது.

நான் நினைத்தது இதுதான். லிங்கசாமி வாயில் வைப்பான். உண்மையான நாக்கு என்றால் துப்பிவிடுவான். விருந்து நிற்கும், கொமரலிங்கத்துச் சரக்கைக் கீழே கொட்டுவார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. துப்பாவிட்டால் அவன் நாக்கின் லட்சணம் ஊருக்குத் தெரியும். இது ஒரு பரீட்சை, அவ்வளவுதான்.

மத்தியானம் கிடா வெட்டி, கறி வெந்து, எல்லோரும் கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கல்லின் மேல் ஊற்றினார்கள். லிங்கசாமி மங்கலத்துச் சரக்கை முதலில் பார்த்தான். பிறகு இதை வாங்கினான். கொட்டாங்குச்சியை மூக்கருகே பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். ஒரு தடவை என்னைப் பார்த்தான், கேட்டால் சொல்லுவேனா என்பது மாதிரி. நான் கறிச்சட்டியைப் பார்த்தேன். அவன் விழுங்கினான். கொமரலிங்கத்து ஜாடியின் முன்னால் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தான்.

ஊற்ற ஆரம்பித்தார்கள். என் பக்கத்தில் ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார், வயசானவர். டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் என்னிடம் குனிந்தார்.

"ஏனுங்க ஆத்தப்பா, வாடை ஒரு மாதிரியா இருக்குதே. நீங்களும் ஒருக்கா பாருங்களேன்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

"கவுத்தாச்சுங்களே. இனி நான் பேசலாமுங்களா? தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

அவர் கருப்பராயன் கல்லை ஒரு தரம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு குடித்தார். நான் வயிற்றுக் கடுப்பு என்று சொல்லி மோர் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஆறுச்சாமி வீட்டில் அழுகைச் சத்தம். பிறகு ஒவ்வொரு வீடாக. நான் லிங்கசாமி வீட்டுக்குப் போனேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ருசி பார்த்ததோடு சரி, பந்தியில் அதிகம் குடிக்கவில்லை, அதனால் உயிர் தங்கிவிட்டது. வெயில் அவன் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. செருப்புச் சத்தத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டான்.

"அண்ணனுங்களா? கோளி கூவி எந்நேரமாச்சு, இன்னும் விடியலீங்களா?"

கருப்பாத்தாள் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு மூலையில் நின்றாள். விடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பாவமாக இருந்தது.

உங்களிடம் அவன் என்ன சொன்னான் என்பதும் எனக்குத் தெரியும். நான்தான் நல்லா இருக்குதுன்னு கவுத்தேன், என்னையத் தூக்குல போடுங்க என்றானாம். பாருங்கள், தவறு யாருடையது என்று அவனுக்கே தெரிகிறது.

நீங்கள் சலவைப் பட்டறைக்குப் போய் விசாரித்து வந்தீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் அப்படிப் பார்க்கிறீர்கள். ஆமாம், பிளீச்சிங் பவுடர் தொட்டி அருகே ஆவியில் நின்று வேலை செய்கிறவனுக்குக் கொஞ்ச நாளில் மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் ஒன்றாகிவிடும். நான் மேஸ்திரி, எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் போனால் நான் துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்வேன். அவனை அங்கே மாற்றியது அதற்காகத்தான். விருந்துக்கு முந்தின வாரம் அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கருகும்போது அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் டின்னை எடுத்தேன்.

என் மாப்பிள்ளை குமாரவேல் விருந்துக்கு வந்தும் எப்படிப் பிழைத்தான் என்று கேட்டீர்கள். பந்தி போடுமுன் அவனைத் தனியே கூப்பிட்டு, "மாப்ள, எலை பத்தாது போல. சைக்கிள எடுத்துட்டு மங்கலம் போயி நல்ல எலையா வாங்கிட்டு வந்துருங்க" என்று அனுப்பிவிட்டேன். எனக்கு இருப்பது ஒரே தங்கை, ஐயா.

மற்றவர்கள் விஷயத்தில் நான் லிங்கசாமியின் நாக்கை நம்பினேன்.