முகச்சாடையை நம்பாத முதன்மைப் பதிப்பாசிரியருக்கு

வேர்தேடும் வித்தகியே! விண்மீன் சூடிய சொற்களுக்கு வீட்டு முகவரி கண்டவரே! முப்பத்தோராண்டு எங்கள் சொற்பிறப்பகராதித் துறையின் முதுகெலும்பாய் நின்ற அம்மையீர், வணக்கம்!

எவரும் எழுதிவைக்காத ஒரு மூதாதை மொழி. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஆங்கிலமும் அதன் வாரிசுகள். வாரிசுகளை ஒப்பிட்டு மூத்தவளின் சொல்லை மீட்டெடுப்பதும், ‘நேரில் கண்டவர் இல்லை’ என்பதற்கு அடையாளமாக அதன் தலையில் விண்மீன் இடுவதும் நம் தொழில். சொல்லுக்கு ஓர் அட்டை எழுதி வேர்வாரியாக இழுப்பறையில் அடுக்குவோம்; அட்டையின் பின்புறம் கையெழுத்திட்டவரே அதன் பிழைக்குப் பொறுப்பு என்பது நம் வழக்கம்.

சென்ற ஆண்டு, ஒளியைக் குறிக்கும் ‘த்யெவ்’ என்ற வேரின் பக்கம் அச்சேறவிருந்த காலையில், தாங்கள் அவ்வேரின் இழுப்பறையை மீண்டும் திறந்தீர்கள். வானமாகிய சமஸ்கிருத ‘த்யௌ’ இருந்தது. கிரேக்கரின் வானதேவன் ‘ஸீயஸ்’ இருந்தான். நாளாகிய லத்தீன் ‘டியேஸ்’ இருந்தது. அதையடுத்து, ஆங்கில ‘டே’! ஒரே முகம், ஒரே பொருள்; ஆனால் ஒலிமாற்ற ஒழுங்குக்கு ஒத்துவராத அயலான். சேர்த்தவர் யாரென்று அட்டையைத் திருப்பினீர்கள். பணியில் சேர்ந்த முதலாண்டில் தாங்களே இட்ட கையெழுத்து.

பேசாதிருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திராது. பேசினால் அச்சு தள்ளிப்போய், அகராதியைக் கையில் வாங்காமலே ஓய்வு பெற நேரலாம். தாங்கள் அச்சகத்தாரை அழைத்தீர்கள்.

“அம்மா, மெஷின்ல பிளேட் ஏத்தியாச்சு!”

“ஏத்தினதை இறக்குங்க. முகச்சாடையை நம்பி, அடுத்த வீட்டுப் பிள்ளையை நம்ம வீட்டுப் பந்தியில உட்கார வச்சிருக்கேன்.”

அத்துடன் விட்டீர்களா? முதலாண்டில் எழுதிய நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் எங்கள் மேசைமேல் வைத்தீர்கள்.

“அக்கா, உங்க அட்டையில நாங்க கை வைக்கிறதா?” என்று தட்டச்சர் தயங்கினார்.

“தாராளமா வையுங்க. தப்பு கண்டுபிடிச்சவங்களுக்கு என் கையால டீ.”

ஏழு மாதத்தில் மூன்று முறை டீ போட்டீர்கள். மூன்று முறையும் சர்க்கரை அதிகம்.

வெளியேறிய அட்டையின் இடத்துக்கு, செவ்வாய்க்கிழமையாகிய ஆங்கில ‘ட்யூஸ்டே’ வந்தது. அதன் தலையிலிருக்கும் பழந்தெய்வம் ‘தீவ்’, அவ்வேரின் அசல் வாரிசு. வாலில் தொங்குவதோ அதே ‘டே’!

“துரத்தின ஆளு பின்வாசல் வழியா வந்துட்டானே!” என்றார் தட்டச்சர்.

“வரட்டும். சொத்துல பங்கு மட்டும் கிடையாது,” என்றீர்கள்.

இன்று காலை, தங்கள் கடைசிப் பணிநாளில், பசை வாசம் மாறாத கட்டுகள் வந்திறங்கின. முதல் பிரதியைப் பிரித்துத் தாங்கள் நேரே அந்தப் பக்கத்துக்குப் போனதைப் பார்த்தோம். அயலான் இல்லை. வென்றுவிட்டீர்கள், அம்மையீர்! தங்களையே திருத்தி வென்றுவிட்டீர்கள்!

உடல் தளராமல், கண் மங்காமல், நினைத்ததைப் படித்து நெடுநாள் வாழ்க! இனிப் போடும் டீயில் சர்க்கரை குறைக!

இம்மடலைச் சட்டமிடுமுன் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் பதினொருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். பிழை இருந்தால் பொறுப்பு எங்களுடையது. இதில் எந்தச் சொல்லின் தலையிலும் விண்மீன் இல்லை. யாவும் நாங்கள் நேரில் கண்டவை.

சரிபார்த்தோர்,
சொற்பிறப்பகராதித் துறைப் பணியாளர்கள்