நிமிடத்துக்கு நாற்பது

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை ஐயா. அட்டை ஒன்றை மடித்து அடியில் வைத்தால் ஆடாது. ஆடுகிற சாமானைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும், தொழில் புத்தி அப்படி.

மத்தியானம் நீங்கள் அனுப்பிய காவலர் எங்கே என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் விளக்கிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். எழுதுகிறவரும் நிதானமாகவே எழுதட்டும்.

உயரமான கட்டடங்களின் உச்சியில் விமானங்களுக்காகச் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதே, அதை மாட்டுவதும் பார்த்துக்கொள்வதும் என் வேலை. இந்த ஊரில் மொத்தம் பதினொன்று. ஒன்று அணைந்தால் அரை மணி நேரத்துக்குள் விமான நிலையத்துக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் விமானிகளுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் போனை நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. மற்றவர்கள் பிள்ளைகள் வாங்கிய மார்க்கைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள், நான் இதைச் சொல்லிப் பெருமைப்படுவேன்.

பதினொன்றிலும் உயரம், மூடிப்போன சிமெண்டு ஆலையின் புகைபோக்கி. தொண்ணூறு மீட்டர். ஆலைக்குள் ஈ காக்கை கிடையாது, ஆனால் உச்சி விளக்கு மட்டும் எரிந்தாக வேண்டும். இந்த மாதம் மூன்றாம் தேதி சாயங்காலம் மின்னல் தாக்கி அது கருகிவிட்டது. புதுசு வர நாலு நாளாகும் என்றார்கள். என் கையில் அரை மணி நேரம் இருந்தது. கூடவே என் மச்சினன் இருந்தான்.

என் மனைவியின் தம்பி. நாலு வருஷமாக எங்கள் வீட்டு சோபாவில்தான் குடியிருப்பு. வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு ரிமோட்டைத் தேடுகிற ரகம். வழியில் முடி வெட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு என் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தான்.

டார்ச் ஒன்றில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி அவன் கையில் கொடுத்து மேலே கூட்டிப்போனேன். உச்சியைச் சுற்றி ஒரு கம்பி மேடை உண்டு. ஏணியிலிருந்து அதற்குள் போக ஒரு தரைக்கதவு. டார்ச்சின் பொத்தானை நிமிடத்துக்கு நாற்பது தடவை அமுக்க வேண்டும், வேலை அவ்வளவுதான்.

"எவ்வளவு நேரம் மாமா?" என்றான்.

"விடியற வரைக்கும்தான்டா."

இறங்கும்போது தரைக்கதவை ஏணிப் பக்கமிருந்து தாழிட்டுப் பூட்டினேன். தூக்கக் கலக்கத்தில் இறங்குகிறேன் என்று தவறி விழுந்தால் அக்காவுக்கு யார் பதில் சொல்வது? அவன் போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து கை நழுவினால் ஒரு போன்கூட ஆளைக் கொன்றுவிடும். பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

விடிந்தது. அவனை இறக்கவில்லை. இறக்கினால் சாயங்காலம் மறுபடி ஏறுவான் என்று என்ன நிச்சயம் ஐயா? சோபாவை ஒரு தடவை கண்ணில் பார்த்துவிட்டால் அவன் எழுந்திருக்கிற ஆளில்லை. அதனால் கப்பியும் கயிறும் கட்டி, கூடையில் சாப்பாடு, தண்ணீர், பேட்டரி, மழைக்கு ஒரு தார்ப்பாய், பேச ஒரு வாக்கி டாக்கி என்று எல்லாவற்றையும் ஏற்றினேன். ஒரு வாளியும் ஏற்றினேன், அதன் விவரம் வேண்டாம். பகல் முழுக்க அவனுக்கு ஓய்வுதான். நல்ல காற்று வேறு.

அன்றைக்கே மனைவி கேட்டாள்.

"தம்பி எங்கங்க? போனே எடுக்க மாட்டேங்கிறான்."

"வேலை கிடைச்சிருச்சு. உயரமான இடம். இப்போதைக்குப் பேச முடியாது."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து அந்தப் புகைபோக்கி தெரியும். மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "இப்பல்லாம் உங்க லைட்டு பளிச்சுன்னு எரியுதுங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என் விளக்கைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புது விளக்கு சொன்னபடி நாலாம் நாளே வந்தது. பெட்டி பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கிறது. அதை மாட்ட வேண்டுமானால் பழையது எத்தனை மணிக்கு அணைந்தது என்று ஒரு படிவம் எழுத வேண்டும். எழுதினால் மூன்றாம் தேதி விஷயம் வெளியே வரும், வந்தால் இருபத்திரண்டு வருஷமும் தண்ணீரில் போகும். அதுவும் தவிர, ஒழுங்காக எரிகிற விளக்கை யாராவது கழற்றுவார்களா?

ஐந்தாம் நாள் வலது கட்டை விரல் வீங்கிவிட்டது என்றான். இடது கட்டை விரல் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். ஏழாம் நாள் வாக்கி டாக்கியில் அழுதான்.

"இறக்கி விடுங்க மாமா. நாளைக்கே ஏதாவது வேலைக்குப் போயிடறேன்."

"இப்ப பாக்கிறதுக்குப் பேர் என்னடா?" என்றேன். இத்தனை நாள் சம்பாதிக்காமல் இருந்தவனுக்கு வேலைக்கும் தண்டனைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அவனை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் விமான நிலையத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா கூப்பிட்டார்.

"சார், உங்க ஆலை லைட்டு சரியா சிமிட்டல. மூணு தடவை சின்னதா, மூணு தடவை நீளமா, மறுபடி மூணு சின்னதா வருது."

"வயர் எங்கயாவது லூஸா இருக்கும்மா. பாத்துக்கறேன்."

"இல்ல சார். அது ஆபத்துல இருக்கறவங்க கொடுக்கற சைகை. உங்க லைட்டு உதவி கேக்குது."

எனக்கு மானமே போய்விட்டது ஐயா. என் சர்வீஸில் வந்த முதல் புகார் அது. எதிலோ பார்த்துக் கற்று வைத்திருக்கிறான், நாலு வருஷம் டிவி பார்த்த லட்சணம். அன்றைக்கு மட்டும் கூடையில் சாப்பாடு வைக்கவில்லை. அதற்குப் பதில் எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை வைத்து அனுப்பினேன், நொடி முள்ளைப் பார்த்துச் சீராக அமுக்கட்டும் என்று. தண்டனை என்று எழுதாதீர்கள், பயிற்சி என்று எழுதுங்கள். மறுநாளிலிருந்து நாற்பது நாற்பதாகவே விழுந்தது. வாக்கி டாக்கியில் பேசுவதையும் விட்டுவிட்டான். வேலையில் மனசு ஒன்றிவிட்டால் பேச்சு குறையத்தானே செய்யும்.

அந்த அம்மா சும்மா இருக்காமல் உங்களுக்கு எழுதிப்போட்டார். அதை விசாரிக்கத்தான் இன்றைக்கு உங்கள் காவலர் வந்தார். நல்ல மனிதர். பாதி ஏணியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. பூட்டைத் திறந்து, நீங்கள் முன்னால் போங்கள் என்று மரியாதையாக வழிவிட்டேன். மேடைமேல் தாடியும் கருத்த முகமுமாக மச்சினன் உட்கார்ந்திருந்தான். இரண்டு கட்டை விரலிலும் துணி சுற்றியிருந்தது. எங்களைப் பார்த்தும் அவன் எழுந்திருக்கவில்லை.

"யோவ், என்னய்யா இது?" என்றார் காவலர்.

அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்கு ஒரு விஷயம் சுரீரென்று உறைத்தது. எங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு: முக்கியமான இடத்தில் ஒரு விளக்கு எரிந்தால், அது கெட்டுப்போகும் சமயத்துக்கு இன்னொன்று பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். பதினேழு நாளாக அதை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அப்போது எனக்கு வந்த வெட்கத்தை வாயால் சொல்ல முடியாது. கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி, கூடையில் இன்னொரு டார்ச்சை ஏற்றினேன்.

அவருடைய போனை ஏறுவதற்கு முன்பே வாங்கி என் பையில் போட்டிருந்தேன். நாலு தடவை அடித்தது. நீங்கள்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று இப்போது தெரிகிறது. அடுத்தவர் போனை எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆக, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் தேதி சாயங்காலம் விளக்கு அணைந்தது, அரை மணி நேரத்துக்குள் நான் சொல்லவில்லை. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், மறுபேச்சு இல்லை. வெளியே அழுதுகொண்டிருப்பது என் மனைவி. அவள் தம்பி ஒரே வேலையில் பதினேழு நாள் நிலைத்திருக்கிறான் என்பதை யாராவது அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பூட்டுச் சாவி இதோ, உங்கள் மேஜைமேல் வைக்கிறேன். ஆனால் இப்போதே ஆளை ஏற்றாதீர்கள். இருட்டிக்கொண்டு வருகிறது, இருட்டில் ஏணி ஏறுவது விதிக்கு விரோதம். நம்பிக்கை இல்லையென்றால் அந்த ஜன்னலைத் திறந்து பாருங்கள். இடது பக்கம் ஒரே சீராக விழுகிறதே, அது என் மச்சினன். வலது பக்கம் உங்கள் ஆள். கொஞ்சம் தாறுமாறாகத்தான் அமுக்குகிறார். முதல் நாள் எல்லாரும் அப்படித்தான் ஐயா, போகப் போகச் சரியாகிவிடும்.