முப்பத்தெட்டாவது காயம்

சிராய்ப்புக்கு முதலில் தேவை மருந்தில்லை, தண்ணீர். நன்றாகக் கழுவ வேண்டும். பலர் மண்ணோடு சேர்த்தே மருந்தைப் பூசிக்கொண்டு, புண் ஆறவில்லை என்று ஒரு வாரம் கழித்து என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். இருபத்தாறு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன் ஐயா. ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

கடை முச்சந்தியில் இருக்கிறது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அதற்கு எதிரிலேயே தோண்டினார்கள். எட்டடிப் பள்ளம், அடியில் கம்பிகளை நட்டு நிறுத்தியிருந்தார்கள். வண்டிகளை எங்கள் தெருவுக்குள் திருப்பிவிட்டார்கள். பள்ளத்துக்கு முன்னால் மூன்று பீப்பாய், ஓர் அம்புக்குறிப் பலகை, அவ்வளவுதான். விளக்கு கிடையாது, வேகத்தடை கிடையாது, கொடி பிடித்து நிற்க ஆள் கிடையாது. லாரிகள் பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டு போயின.

விழுந்தவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், என்ன வண்டி, எங்கே அடி. ஐந்து மாதத்தில் முப்பத்தேழு பேர். முட்டி, முழங்கை, தபால்காரருக்கு இரண்டு பல். அதை வைத்து மனு எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதலில் போட்டவர் எங்கள் தெருத் தையல்கார அம்மா. ஒரு மனு பதினெட்டு மனுவானது. தெருவில் எனக்கு 'மனு அண்ணன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆரம்பத்தில் மரியாதையாகச் சொன்னார்கள். போகப் போக வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்கள். ஒரு நாள் என் மனைவியே, "அந்த மனு அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடுடி" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

பதினெட்டாவது மனுவைச் சாலைத்துறை அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனேன். பொறியாளர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார், நோட்டையும் புரட்டினார்.

"எல்லாமே சின்னச் சின்னக் காயமாத்தானே இருக்கு?"

"பெருசா ஆகறதுக்கு முன்னாடி தடுக்கணும்னுதான் சார் வந்திருக்கேன்."

"உங்க அக்கறை புரியுது. ஆனா மேல அனுப்பணும்னா கோப்புல கனமா ஏதாவது இருக்கணும். பெருசா ஒண்ணு நடந்தா, நீங்களும் நானும் ஓடவே வேண்டாம், வேலை தானா நடக்கும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். நானும் அதை ஒரு மருந்துச் சீட்டைப் போலத்தான் வாசித்தேன். என்ன வேண்டும், எத்தனை வேண்டும். ஒன்று போதும்.

இதில் என்ன தவறு என்று எனக்குப் புரியும்படி இதுவரை யாரும் சொல்லவில்லை. தடுப்பூசி என்று குழந்தையின் உடம்பில் எதைச் செலுத்துகிறோம்? அந்தக் கிருமியைத்தானே, கொஞ்சமாக?

வெள்ளிக்கிழமை விடியற்காலை பனி இறங்கியிருந்தது. பீப்பாய்களில் மணல் பாதிதான், நான் ஒருவனே உருட்ட முடிந்தது. மூன்றையும் ஓரம் கட்டினேன். அம்புக்குறியைப் பள்ளத்தின் பக்கம் திருப்பினேன். பிறகு கடையைத் திறந்து, பஞ்சையும் கட்டுத்துணியையும் மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் வேடிக்கை பார்க்க உட்காரவில்லை.

முதலில் பால் வண்டி வந்தது. ஓட்டுநர் பழக்கத்தில் பலகையைப் பார்க்காமலே எங்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டார். அடுத்து ஒரு ஸ்கூட்டர். சைலன்சர் ஓட்டையான அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தையல்கார அம்மா, சந்தைக்குத் துணி எடுக்கப் போகிறார். வாரத்துக்கு ஒரு தரம் வழியை மாற்றுகிற இடம் அது. இன்று பள்ளத்தை மூடிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். பலகை காட்டிய பக்கம் போனார். பலகை சொல்வதைக் கேட்கிறவர்.

கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம், பத்தடி தூரம்தான். ஆனால் தெரிந்தவர் என்று ஒருவரை நிறுத்திவிட்டு, தெரியாத ஒருவரை விழவிடுவது நியாயமா? எனக்குப் பாரபட்சம் பழக்கமில்லை.

முதலில் ஓடியவன் நான்தான். ஏணி வழியாக இறங்கிப் பார்த்தபோது பஞ்சுக்கு அங்கே வேலையில்லை. கம்பி அப்படி ஏறியிருந்தது. ஆனால் நினைவு இருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பலகையை யாரோ திருப்பி வச்சிருக்காங்க. முதல்ல அதைச் சரி பண்ணுங்க. பின்னால யாராவது வந்து விழுந்துடப் போறாங்க."

"சரிம்மா" என்றேன்.

பலகையை நான் தொடவில்லை. நீங்கள் வந்து படம் எடுக்கும்வரை அது அப்படியே இருந்தால்தான் கோப்புக்குக் கனம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் போய்விட்டார். கடைக்கு வந்து கையைக் கழுவிவிட்டு, நோட்டில் முப்பத்தெட்டாவது வரியை எழுதினேன்.

திங்கட்கிழமை விளக்கு வந்தது. வேகத்தடை, இரும்புத் தடுப்பு, கொடியோடு இரண்டு பேர். இன்றோடு ஏழு வாரம் ஆகிறது, ஒரு சிராய்ப்புகூட இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அங்கே போய் நின்று பாருங்கள். எதிர்க் கட்டடத்துக் கேமராவில் என் முகம் தெரிகிறது என்கிறீர்கள், தெரியட்டும். விலங்கு மாட்டுவதானால் மாட்டுங்கள். ஆனால் அந்த விளக்கு யாரால் எரிகிறது என்பதையும் உங்கள் அறிக்கையில் எழுதுங்கள்.

என் இழுப்பறையில் நீங்கள் எடுத்த கடிதமா? ஆமாம், அந்த வெள்ளிக்கு முதல் நாள், வியாழக்கிழமை மாலை, பொறியாளர் அலுவலகத்திலிருந்து தபாலில் வந்தது. படித்தேன். விளக்கு, வேகத்தடை, தடுப்பு எல்லாம் வருகிற திங்கட்கிழமை போட்டுவிடுகிறோம் என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆனால் அதை முழுக்கப் படியுங்கள் ஐயா. அடுத்த தெருக்காரர்களுக்கு எழுதியது. எனக்கு வந்தது வெறும் நகல். 'தாங்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க' என்று அவர்களுக்குப் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு மனு எழுதியவன் நான். அதில் ஓர் இடத்திலாவது என் பெயர் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.