ருசி குறைந்த வீடு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் முக்கால்வாசியை நிறைத்துக்கொண்டிருந்த அம்மாள் பக்கத்தில் ஒடுங்கியிருந்த பெண்ணிடம் சொன்னாள்:

“டாக்டரு சொன்ன மாதிரியே செஞ்சேன். ஊட்ல எல்லாரும் இளச்சிட்டாங்க, என்னத் தவிர.”

“இன்னாக்கா செஞ்ச?”

“ருசியா இருந்தா நெறைய துன்னுவ, உப்பு, எண்ணெ, புளி எல்லாத்தயும் கொறைன்னாரு. கொறச்சேன். ஊட்டுக்காரு, பசங்க யாரும் ரெண்டு வாய்க்கு மேல தொடல. சட்டி சட்டியா மீந்துடுச்சி.”

“அத்த நீ துன்னியா? நல்லாவா இருந்துச்சி?”

“மண்ணு மாதிரி இருந்துச்சி. அதுக்குன்னு சோத்தக் கொட்ட மனசு வருமா?”

“நாய்க்குப் போடறதுதானே?”



“போட்டேன்டி. மோந்து பாத்துட்டுப் போயிடுச்சி. இப்ப அதுவும் இளச்சிடுச்சி.”