அந்த விரால் எவ்வளவு பெருசு

ஒண்ணுமே இல்லன்னு சொன்னா எப்படி தம்பி? இன்னொரு தடவ நல்லாப் பாருங்க. காலைல துணியப் போட்டு பட்டன அமுக்குறேன், உர்ருன்னு ஒரு சத்தம், அப்படியே நின்னுபோச்சு. தண்ணியே ஏறல. இல்ல இல்ல, இப்ப ஓட்டிப் பாக்காதீங்க. மொதல்ல மூடியக் கழட்டி உள்ள பாருங்க, அப்புறமா ஓட்டலாம். வாஷிங் மிஷின் சத்தத்துல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது. அட, அந்தக் கதவ ஏன் சாத்துறீங்க? தொறந்தே இருக்கட்டும். உள்ள எங்க வீட்டுக்காரருதான் படுத்திருக்காரு. தொந்தரவெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன்.

சுவத்துல சாத்தியிருக்கறதா? தூண்டில்தான். பரவால்லயே, கண்டுபுடிச்சுட்டீங்க. கேபிள்காரரு அத ஒட்டடை அடிக்கற கம்புன்னுட்டாரு. நீங்களும் மீன் புடிக்கப் போவீங்களா? இல்லையா? அப்ப உங்க சம்சாரம் குடுத்து வெச்சவங்க. மீன் புடிக்கறவரக் கட்டிக்கிட்டா வீட்டுக்கு மீன் வருதோ இல்லையோ, கதை வந்துரும். மீனாவது ஒரு நாள் வெச்சா நாறிப்போகும், தூக்கிப் போட்டுரலாம். இந்தக் கதை இருக்கே, அது கெடவே கெடாது. வருஷத்துக்கு வருஷம் சதை போட்டுக்கிட்டே போகும்.

அவரு என்ன உத்தியோகம் பாத்தாருன்னு நெனைக்கிறீங்க? சொன்னா சிரிப்பீங்க. கடைகள்ல தராசு, எடைக்கல்லு, லிட்டர் படி இதெல்லாம் சரியா இருக்கான்னு பாத்து முத்திரை குத்துவாங்க பாருங்க, அந்த ஆபீஸ்ல ஆபீசரு. அவரு தெரு முக்குல திரும்புனாலே கடைக்காரங்களுக்கெல்லாம் வேர்த்துரும். எடைக்கல்லுல ஒரு ஓரம் தேஞ்சிருந்தாக்கூட விடமாட்டாரு. வீட்லயும் அதே கூத்துதான். நான் தக்காளி வாங்கிட்டு வந்தா பைய ஒரு தடவ தூக்கிப் பாப்பாரு. ஒரு பழம் கம்மியாப் போட்டிருக்கான், போய்க் கேளுன்னுவாரு. போய்க் கேட்டா நெஜமாவே கம்மியா இருக்கும். அப்படிப்பட்ட கை தம்பி அது.

வாரம் பூரா அப்படி இருக்கற கை, ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போய்ட்டு வந்ததும் என்ன பண்ணும்ங்கிறீங்க? இப்படி விரியும். இந்தா, இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும். ஏங்க, ஒரு கிராம் கொறைஞ்சா ஊரயே ரெண்டாக்குறீங்களே, இது எந்தக் கணக்குன்னு நான் கேட்டேன் ஒரு நாள். அதுக்கு அவரு சொல்றாரு, தராசு கடைக்காரனுக்குத்தான், மீனுக்கு எதுக்குன்னு.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா போதும், முன் ரூம்ல சபை கூடிரும். இவரு, கீழ் வீட்டுத் தையக்காரரு, அப்புறம் பக்கத்துத் தெரு பல் டாக்டரு. மூணு பேரும் உக்காந்தா அங்க ஒரு சட்டம் இருக்கு. ஒருத்தரு சொல்லும்போது மத்தவங்க குறுக்கே எதுவும் கேக்கக்கூடாது. அப்புறம்னு மட்டும் கேக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அனுமதி.

பல் டாக்டரு மீன் பக்கமே வரமாட்டாரு. அவருக்குக் காட்டுப்பன்னி. வாலிப வயசுல வேட்டைக்குப் போனாராம். பன்னி ஒண்ணு புதருக்குள்ள இருந்து நேரா இவரப் பாத்துப் பாஞ்சு வருதாம். இவரு துப்பாக்கியத் தூக்கிக் குறி வெச்சுட்டாரு. அது ஆன்னு வாயத் தொறந்துச்சாம். பாத்தா கடவாப்பல்லு சொத்தை. அடப் பாவமே, எத்தன நாளா இந்த வலியோட காட்டுல அலையுதோன்னு துப்பாக்கியக் கீழ வெச்சுட்டாராம். அதுவும் வந்து இவரு முன்னாடி உக்காந்துகிச்சாம். வாயத் தொறந்தபடிக்கு! அப்புறம்னு இவங்க ரெண்டு பேரும் கேப்பாங்க. கையில கொறடு இல்லியே, நாளைக்கு வான்னு சொல்லி அனுப்பிட்டேன், வரவே இல்ல, பல்லப் புடுங்கறதுன்னா பன்னிக்கும் பயம்தான்னு முடிப்பாரு.

சிரிக்கிறீங்க பாத்தீங்களா! நான் சமையல் ரூம்ல கைத்துண்ட வாயில அடைச்சுகிட்டு நிப்பேன். எத்தனயோ தடவ கேட்டாச்சு, இன்னும் சிரிப்பு வருது. அது ஏன் தம்பி? எங்க நாத்தனாரு அவங்க வீடு கட்டுன கதைய ரெண்டாவது தடவ ஆரம்பிச்சாலே எனக்குத் தல வலிக்குது. இந்தப் புளுக மட்டும் எத்தன தடவ வேணா கேக்கலாம். நான் யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். வீடு கட்டுன கதையில அவங்க ஜெயிச்சவங்க, நாம இளிச்சவாயி. இதுல அப்படி இல்ல. வெறுங்கையோட வீட்டுக்கு வந்த மனுஷன், தான் கோட்ட விட்டத தானே சிரிக்கச் சிரிக்கச் சொல்றான். கேக்கறவனுக்கு மனசு லேசாயிடுது. யாருக்கும் நஷ்டமும் இல்ல. மீனுக்குக்கூட நஷ்டமில்ல, அது பாட்டுக்குத் தண்ணிக்குள்ள நிம்மதியா இருக்கு.

ஆனா ஒரு நாள் பெரிய ரகளை ஆயிடுச்சு. தையக்காரரு நல்ல மனுஷன்தான், பழக்க தோஷம், எப்பவும் கழுத்துல டேப்பு தொங்கும். இவரு கைய விரிச்சு இவ்வளவு பெருசு மீனுன்னு காட்டிட்டிருக்காரு. அவரு சும்மா இல்லாம எந்திரிச்சு வந்து, அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் டேப்பப் புடிச்சு அளந்துட்டாரு! அளந்ததோட விடல. போன வாரம் காட்டுனதுல பாதிதான் இருக்கு, மீன் எளைச்சுப்போச்சான்னு வேற கேட்டுட்டாரு. அவ்வளவுதான். இவருக்கு மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு. நேரா கீழ போய், தைக்கக் குடுத்த சட்டைத் துணிய, ஒரு கை வெட்டியாச்சு அதுல, அப்படியே திருப்பி வாங்கிட்டு வந்துட்டாரு. அந்த மழைக்காலம் முழுக்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. அவரப் பத்தி என்ன வேணா சொல்லுங்க, வழுக்கைன்னு சொல்லுங்க, கஞ்சன்னு சொல்லுங்க, சிரிச்சுகிட்டே போயிடுவாரு. மீனக் கொறைச்சா மட்டும் ஆளே வேற.

ஏன் கொரலத் தாழ்த்துறீங்க? நல்லா சத்தமாவே பேசுங்க தம்பி. அவரு தூங்கல. பேச்சுதான் இல்ல. போன வெயில் காலத்துல திடீர்னு ஒரு பக்கம் இழுத்துகிச்சு. கால் திரும்பி வந்துருச்சு, கை முக்காவாசி வந்துருச்சு. சாப்பிடறாரு, நடக்கறாரு, பேப்பர் படிக்கறாரு. வாய்தான் வரல. வார்த்தையெல்லாம் உள்ள பத்திரமாத்தான் இருக்கும்மா, வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு, எப்படியாவது பேசத் தூண்டுங்க, நாளாக நாளாக கஷ்டம்னு பெரிய டாக்டரு சொல்லிட்டாரு. பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வருது. நல்ல பொண்ணு. படம் போட்ட அட்டையக் கொண்டாந்து நீட்டும். குடை. நாற்காலி. ஆப்பிள் பழம். இது என்ன சார், சொல்லுங்க சார்னு கேக்கும். இவரு அந்த அட்டையப் பாப்பாரு, அந்தப் பொண்ணப் பாப்பாரு, ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாரு. குடையக் காட்டி இது என்னன்னு கேட்டா எந்த மனுஷனுக்குப் பேசணும்னு தோணும்? அது குடைன்னு ரெண்டு பேருக்குமே தெரியுதே.

அந்த ரெண்டு பேரும் வாராவாரம் வந்துட்டுத்தான் இருக்காங்க. தையக்காரரு டேப்பக் கீழயே கழட்டி வெச்சுட்டு வராரு. கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து இவரு கதைய இவருக்கே சொல்லுவாங்க. பாவம் பாத்து மீன ஊதி ஊதி பெருசாக்குறாங்க தம்பி. தையக்காரரு முதலை அளவுக்கு இருந்துச்சுன்னாரு. பல் டாக்டரு விடுவாரா, படகு அளவுக்குன்னுட்டாரு. இவரு ராஜா மாதிரி சாஞ்சுகிட்டு தலைய ஆட்டிச் சிரிக்கறாரு. அவங்க போனதும் எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. எல்லாத்தையும் அவங்களே சொல்லிட்டா இவரு எதுக்கு வாயத் தொறக்கணும்?

அது என்ன மீனா? விரால் தம்பி. உங்களுக்குத் தெரியாதுல்ல? ஸ்குரூவக் கீழ வெச்சுட்டு இப்படி அவரு ரூம் வாசலுக்கு நேரா வந்து நில்லுங்க, சொல்றேன். மொதல்ல அவரு சொல்ற மாதிரி சொல்றேன். ஏரிக்கரையில தூண்டிலப் போட்டுட்டு உக்காந்திருக்காரு. தண்ணியில ஒரு அசைவும் இல்ல. திடீர்னு, மிதந்துட்டிருந்த தக்கை ஒரே முங்கு. இழுத்தா வரல. பாறையில மாட்டிகிச்சுன்னு நெனைச்சாரு. பாத்தா பாறை நகருது! மீன் இழுக்க, இவரு விடாமப் புடிக்க, இவரையும் சேத்து ஏரிக்குள்ள இழுத்துட்டுப் போயிடுச்சு. நடு ஏரியில ரெண்டு பேரும் நேருக்கு நேரு பாத்துகிட்டாங்களாம். அந்த நேரம் பாத்து இவரு மூக்குக் கண்ணாடி நழுவி விழுந்து, மீன் மூஞ்சில போய் சரியா உக்காந்துகிச்சு. அது இவர ஒரு தடவ உத்துப் பாத்துச்சாம். அட, நீதானான்னு கேக்கற மாதிரி. அப்படியே தூண்டில் நரம்ப அத்துகிட்டுப் போயிடுச்சு. அன்னிலருந்து அந்த ஏரியில யாருக்கும் விரால் சிக்கறதே இல்லயாம். கண்ணாடி போட்டதும் அதுக்குத் தூண்டில் முள்ளு தெளிவாத் தெரியுதாம், மத்த மீனுக்கெல்லாம் அதுதான் போய்ச் சொல்லுதாம்!

நல்லா சிரிங்க, வாய் விட்டுச் சிரிங்க. இப்ப நடந்தத நான் சொல்றேன். நானும் அன்னிக்குக் கூடப் போயிருந்தேன், என் கண்ணால பாத்தேன். மீன் எவ்வளவு பெருசுன்னு கேளுங்க. இன்னும் சத்தமா. ம். அது வந்து தம்பி, என் உள்ளங்கை அளவு இருக்கும். ஆமா, இவ்வளவுதான். விராலும் இல்ல கிராலும் இல்ல, ஏதோ கெண்டைக் குஞ்சு. இவரு ஏரிக்குள்ளயும் போகல. சேத்துல வழுக்கி உக்காந்துட்டாரு, முழங்கால் தண்ணிதான். கண்ணாடியா? சட்டைப் பையிலயே இருந்துச்சு, வீடு வரைக்கும் தேடிகிட்டே வந்தாரு. இன்னொண்ணு சொல்லட்டுமா? அந்தக் குஞ்சையும் இவரு புடிக்கல. அதுவா துள்ளி வந்து செருப்புக்குள்ள விழுந்துச்சு. நீங்க போற வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லுங்க தம்பி, அந்தத் தெருவுல ஒரு ஆபீசரு இருக்காரு, செருப்பாலயே மீன் புடிச்சவருன்னு...

இருங்க.

பேசாதீங்க. அசையாதீங்க.

உள்ள இருந்து ஒரு சத்தம், உங்களுக்குக் கேட்டுச்சா? என்ன கேட்டுச்சு? இல்ல, நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா ஆசையில நானா நெனைச்சுகிட்டதா ஆயிடும். பொய்னா சொன்னாரு? பொய்னுதான கேட்டுச்சு? கோவமா?

ஐயோ, ஆமா. அந்தக் கோவம்தான், அந்தக் கொரல்தான்.

அழல தம்பி. சரி, அழறேன், அழுதா என்ன இப்ப? வாழ்நாள் பூரா புளுகுன மனுஷன், இத்தன நாள் கழிச்சு வாயத் தொறந்து என்னப் பாத்து பொய்ங்கறாரு. இதுக்குத்தான் தம்பி இத்தனயும் பண்ணேன். கோவிச்சுக்காதீங்க, மிஷினுக்கு ஒண்ணும் இல்ல. பின்னாடி தண்ணிக் குழாய நான்தான் திருகி மூடி வெச்சேன். கேபிள் ஒயரப் புடுங்கிட்டு கேபிள்காரரக் கூப்ட்டேன். இல்லாத கரையானுக்கு மருந்தடிக்க ஆள வர வெச்சேன். நான் தனியா அவருகிட்ட என்ன சொன்னாலும் உறைக்க மாட்டேங்குது. வெளியாளுகிட்ட சொன்னாத்தான, இவன் போய் ஊரு பூரா மீனச் சின்னதாக்கிடுவானேன்னு பதறும்? வந்தவங்க எல்லாரும் பாவம்னு மெல்லச் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் தம்பி வாய் விட்டுச் சிரிச்சீங்க.

கிட்ட வாங்க, காதுல சொல்றேன். அந்த விரால் நெஜமாவே பெருசுதான். கரையில நின்னு நானே பாத்தேன், எனக்கே ஒரு நிமிஷம் பயமாப் போச்சு. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட அவருகிட்ட ஒத்துக்கிட்டதில்ல. ஒத்துக்கறேன், ஒத்துக்கறேன், இப்ப இல்ல.

குழாயத் தொறக்காதீங்க, அப்படியே இருக்கட்டும். நீங்க அங்கயே நில்லுங்க. என்னங்க, பொய்யா? அப்ப நெஜம் என்னன்னு நீங்கதான் இந்தத் தம்பிக்குச் சொல்லுங்களேன், காத்துகிட்டு நிக்கறாரு! ...உதடு அசையுது தம்பி. வருது, வருது, வர மாட்டேங்குது. கொஞ்சம் இருங்க, மீன இன்னும் கொஞ்சம் சின்னதாக்கிப் பாக்கறேன்.