இட்லிப்பூவுக்குத் தவக்காலம்

...பூக்கலைன்னா பூக்கலை! அதுக்கு ஏன் எல்லாரும் என்னைப் பாக்குறீங்க? மாடிக்குக் குடி வந்து ஒரு மாசம் ஆகல, நீயும் கேக்குற பரத்து. உக்காரு. ஆபீஸ் கேப் வர்றப்ப வரும்.

இட்லிப்பூச் செடி. குட்டை ரகம். முழங்காலுக்கு மேல வளராதாம். வருசம் பூரா பச்சையா இருக்குமாம், கொத்துக் கொத்தா பூக்குமாம். நர்சரிக்காரன் சொன்னான். பச்சையா இருக்கு. அவ்ளோதான்.

எதிர்வீட்டு கில்பர்ட்டும் அன்னைக்கேதான் வாங்கினான். ஒரே கடை, ஒரே ஆட்டோ. அவன் தண்ணியே ஊத்தறதில்ல. சோம்பேறி. அங்க பாரு... இலையே தெரியல, அவ்ளோ செவப்பு. தூ! நேத்து கேட்டுல நின்னுக்கிட்டு, "ஏன் ஓஸ்வால்ட், உன் செடிக்கு மட்டும் வருசம் பூரா தவக்காலமா?"ங்கறான். தவக்காலத்துல எங்க கோயில்ல பூ வைக்கமாட்டாங்கல்ல, அந்த நக்கல். சிரிப்பு வேற.

நான் என்ன செய்யல? சாணி போட்டேன். மீன் கழுவின தண்ணி ஊத்தினேன். தெரு நாயெல்லாம் மோப்பம் புடிச்சு வந்து நிக்குது... அதுங்களையும் தொரத்தினேன்.

உங்க டோரதி ஆன்ட்டி, அதான் என் வீட்டுக்காரி, நவநாளே ஆரம்பிச்சிட்டா. செடிக்கு! ஒம்பது வாரம், வியாழன் தவறாம குழந்தை ஏசு கோயில்ல மெழுகுத்திரி. மொதக் கொத்து அவருக்குத்தானாம். இன்னைக்கு ஒம்பதாவது வாரம், கடைசி. இன்னைக்கும் பூ இல்லைன்னா, கில்பர்ட் வீட்டுல கேட்டு வாங்கிட்டுப் போவாளாம். கில்பர்ட் கிட்ட! செத்தாலும் விடமாட்டேன்.

ஸ்வல்பம் நகரு. வெளிச்சத்த மறைக்காத. பேசிக்கிட்டே கத்திரி போட்டு முடிச்சிடறேன். வியாழனுக்கு வியாழன், அவ குளிக்கப் போற நேரத்துல செஞ்சிடுவேன். அவளுக்குத் தெரியாது. கோயிலுக்குக் கிளம்பறப்ப செடி சுத்தமா இருக்கணுமில்ல? உருண்டையா, முடி வெட்டின தலை மாதிரி. நுனியில ஊசி ஊசியா நீட்டிக்கிட்டு வரும் பாரு, லேசா செவப்பா. அசிங்கம். நறுக்... நறுக்... போச்சா?

என்ன முழிக்கிற?

எது?

மொட்டா?

...கண்ணாடியக் கொண்டா. அந்தச் சுவர் மேல இருக்கு.

ம்.

அட ஏசுவே... நீரு வாராவாரம் குடுத்துக்கிட்டே இருந்திருக்கீரு. நான் வாராவாரம் நறுக்கிக்கிட்டே இருந்திருக்கேன்.

சிரிக்காத! மெதுவா பேசு. பாத்ரூம் கதவு தொறக்குது. இந்தா, கத்திரியப் புடி. உன் லேப்டாப் பையில போடு. போடுறா! கீழ கிடக்கறத நான் செருப்பால மூடிக்கறேன்... கேப் வந்திருச்சா? நில்லு, எங்க ஓடற? அவ கேட்டா நான் என்ன சொல்றது? டேய் பரத்து...

டோரதீ! சீக்கிரம் வா! மாடி வீட்டுப் பையன் கத்திரியோட ஓடறான் பாரு!